சனிக்கிழமைப் பாட்டு

எங்கள் அச்சகத்தில் ஒரு விதி உண்டு. குழந்தைப் பாட்டு எதுவும் குழந்தைகள் காதில் விழாமல் மெஷின் ஏறாது. சனிக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளை முன்கூடத்தில் உட்கார வைத்து, வீட்டின் மூத்தவர் புரூஃப் தாளைக் கையில் பிடித்து வாசிக்க வேண்டும். பிள்ளைகள் நெளியும் வரியை வெட்டிவிடுவோம். மூத்தவர் வாசிக்காமல் கீழே வைத்த புரூஃப் திரும்ப எழாது. இது என் தந்தை வகுத்தது. அவருக்குப் பிறகு நான் வாசிக்கிறேன். காய்ச்சலோடும் வாசித்திருக்கிறேன், என் மனைவி இறந்த வாரத்திலும் வாசித்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெயர் போட்ட புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளை கையில் கொடுக்கலாம் என்பார்கள். அந்தப் பேச்சுக்குக் காவலாகத்தான் இத்தனை காலமும் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நாளிதழை விரித்தேன். எழுத்துகளைக் காணோம்.

கண்ணில் கோளாறு இல்லை. படத்தில் இருந்தவரின் சட்டைப் பொத்தான் வரை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பக்கம் முழுவதும் யாரோ கறுப்பு நூலைப் பொடியாக நறுக்கிக் கொட்டியது போலிருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். முகம் கழுவிவிட்டு வந்தேன். நூல் நூலாகவே கிடந்தது.

பேனாவை எடுத்து ஓரத்தில் என் பெயரை எழுதினேன். கை தயங்கவில்லை. கடைசிச் சுழியை வழக்கம்போல் இழுத்துவிட்டது. பிறகு அதைப் பார்த்தேன். நானே எழுதிய என் பெயரை என்னால் வாசிக்க முடியவில்லை. அந்த ஓரத்தைக் கிழித்து விழுங்காத குறையாகச் சட்டைப்பையில் திணித்தேன்.

என் மருமகள் உள்ளே வந்தாள். மகனுக்கு மெஷின் ஒன்றுதான் உலகம். மற்றதெல்லாம் அவள் பொறுப்பு.

"மாமா, பக்கத்துத் தெருவில தீப்பிடிச்சுதாமே. பேப்பர்ல போட்டிருக்கானா?"

"எல்லாம் போட்டிருக்கான்."

"என்னன்னு?"

"நான் என்ன உனக்கு ரேடியோவா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் நாளிதழுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாசிக்க ஆகும் நேரத்தை உத்தேசமாகக் கணித்துப் பக்கம் திருப்பினேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். எழுத்து போய்விட்டது, அடுத்து எது போகும்? காலையில் எழுந்ததும் மகன் முகத்தைப் பார்த்து, 'இவன் என் மகன்' என்று மனதுக்குள் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. எழுத்துத் தெரியாதவன் புத்தகம் போடுகிறான் என்று ஊர் சிரிக்க விடுவதா?

ஒரே ஆறுதல், அந்தச் சனிக்கிழமைக்கு முடிவாகியிருந்தது நான் எப்போதோ எழுதிய பழைய பாட்டு. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். தாளைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்துவிடலாம்.

சனிக்கிழமை பிள்ளைகள் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் வழக்கம்போல் வாயாடி. எங்கள் எதிர்வீட்டுத் தையல்காரரின் பெண், ஏழு வயது. நான் என் நாற்காலியில் அமர்ந்தேன். மகன் மை காயாத புரூஃபை நீட்டினான்.

"அப்பா, இன்னைக்கு உங்க பாட்டு இல்ல. இவ எழுதினது."

மருமகள் கதவோரம் நின்றாள். விரல் மையை இன்னொரு விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "புஸ்தகம் படிக்கிறதைப் பத்தி, மாமா. எட்டே வரி. பிடிக்கலைன்னா கீழ வெச்சுடுங்க."

தாளைப் பார்த்தேன். நறுக்கிய நூல். காதுக்குள் மெஷின் ஓடுவது போல் இரைந்தது.

"கண்ணாடியை மாடியில விட்டுட்டேன்."

"உங்க மூக்கில இருக்கே அப்பா!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வழி ஒன்று இருந்தது. தாளைக் கீழே வைத்தால் போதும், ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்கள். என் மானம் பிழைக்கும், அவள் பாட்டு செத்துப்போகும். கை பாதி தூரம் இறங்கியும்விட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, ஆரம்பிங்க. எங்கம்மா கூப்பிட்டுடுவாங்க," என்றாள் வாயாடி.

என் விரல் முதல் எழுத்தின் மேல் பட்டது. அதன் வளைவோடு மெல்ல நகர்ந்தது. பேனா பிடித்து எழுதும்போது போகிற அதே வழி. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது. மூ. அடுத்ததைத் தடவினேன். டி.

"மூடி..." என்றேன். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மறுபடி தடவினேன். "மூடி வைத்தால்... சின்ன..."

அதற்கு மேல் ஓடவில்லை. எழுத்தின் நடுவில் வழி தவறிவிட்டது. திரும்ப முதலிலிருந்து தடவினேன். மகன் ஒரு அடி முன்னால் வந்தான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"பூனை!" என்று ஒரு குரல் கேட்டது.

மருமகள் எப்போதோ வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ அக்கா, பூனையை யாராவது மூடி வைப்பாங்களா?" என்று வாயாடி தலையில் அடித்துக்கொண்டாள். "டப்பா!"

"பந்து!" "தொப்பி!"

எழுதியவளுக்கா தன் சொல் தெரியாது? அந்தக் கூச்சலுக்குள் என் விரலுக்கு நேரம் கிடைத்தது. "பெட்டி," என்றேன். கை தட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் தப்பாகவே சொன்னாள். பிள்ளைகள் அவளைக் கேலி செய்ய, நான் தடவித் தடவி முன்னேறினேன்.

மூடி வைத்தால் சின்னப் பெட்டி,
திறந்து வைத்தால் பெரிய வீடு;
வீட்டுக் குள்ளே யார்யார் உண்டு?
விரலைப் பிடித்து உள்ளே ஓடு!

யானை உண்டு, கப்பல் உண்டு,
யாரும் காணாக் காடும் உண்டு;
மூடி நீயும் தூங்கும் போது
முழித்தி ருக்க ஆளும் உண்டு.

ஒரு பிள்ளையும் நெளியவில்லை. வாயாடி மட்டும் எழுந்து வந்து என் விரலை உற்றுப் பார்த்தாள்.

"தாத்தா, நீங்களும் என்னை மாதிரி விரல் வெச்சுத்தான் படிக்கிறீங்க."

மகனின் பார்வை என் மேல் இருந்தது.

"எங்க டீச்சர் விரல் வெச்சா திட்டுவாங்க," என்றாள்.

"இந்த வீட்டில வைக்கலாம்," என்றேன்.

தாளின் கீழே 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை அப்படித்தான் எழுதியிருக்கும் என்று நம்பி மகனிடம் கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டு மெஷின் அறைக்குப் போனான். பிள்ளைகளும் கலைந்தார்கள்.

மருமகள் நாற்காலி அருகில் வந்தாள். "மாமா, அந்தத் தீ விஷயம் பேப்பர்ல வரவே இல்ல. அன்னைக்கே பார்த்தேன்."

நான் சுவரைப் பார்த்தேன். "அப்போ ஏன் கேக்கல?"

"உங்களைக் கேக்க யாருக்குத் தைரியம் இருக்கு? பாட்டையும் அதுக்கு முன்னாடியே அச்சுக் கோக்கக் கொடுத்தாச்சு. நீங்க கீழ வெச்சிருந்தாலும் ஏன்னு எனக்குப் புரிஞ்சிருக்கும்." சற்று நிறுத்தினாள். "டாக்டர்கிட்ட இப்பவே போகலாம். வெளியில யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்."

எழுந்தேன். வாசலில் இறங்கித் திரும்பி, மேலே இருந்த எங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். என் தந்தை நின்று எழுத வைத்த பலகை. வெள்ளைப் பரப்பில் நீலக் கயிறுகள் சுருண்டு கிடந்தன.

"வாசி," என்றேன்.

அவள் அவசரப்படவில்லை. என் தந்தையின் பெயரை, அதன் கீழே என் பெயரை, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். முடிக்கும் வரை நிமிர்ந்து நின்று கேட்டேன். பிறகுதான் தெருவில் கால் வைத்தேன்.