கிணற்றுப் பக்கம் போகாதவள்

காவேரிக்கு அந்த நினைப்பு முதலில் வந்தது, தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பிய அன்றைக்குத்தான். பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் காரை விட்டு இறங்கினால், மரவள்ளிக் காட்டுக்கு நடுவே நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் கிணறு. பழைய பெரிய கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. மாமியார் மாதம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்பது தெரிந்தது. கிணற்றோரம் வந்தபோது, யாரோ படம் போட்டுக் காட்டியதுபோல, தன் கையிலிருந்து குழந்தை நழுவி உள்ளே விழுவதைக் காவேரி பார்த்தாள். நழுவிக்கூட இல்லை. அவளே கையை விடுகிறாள்.

ஆரத்தி எடுத்தபோது அவள் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. "கார்ல வந்த அலுப்பு," என்றாள் மாதம்மாள்.

அதற்கப்புறம் காவேரி குழந்தையோடு வாசல் தாண்டவில்லை. பால் கொடுப்பாள், சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு. பால் குடித்து முடித்ததும் தொட்டிலில் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். குழந்தை சிணுங்கினால் நெஞ்சு படபடக்கும், விரல்நுனி மரத்துப்போகும், மூச்சு பாதியிலேயே நிற்கும். குளிப்பாட்ட, வெயில் காட்ட, தூக்கிக்கொண்டு நடக்க, எல்லாவற்றுக்கும் மாமியாரைத்தான் கூப்பிடுவாள்.

மாதம்மாள் முதலில் பெருமையாகச் செய்தாள். பிறகு அவளுக்கும் உறுத்தியது. "பொட்டப்புள்ளன்னு வெறுக்கறாளா என்னன்னு தெரியலப்பா," என்று ஒருநாள் மகனிடம் சொன்னது அடுப்படியில் இருந்த காவேரியின் காதில் விழுந்தது. இல்லை என்று கத்த வாயெடுத்தாள். உண்மையைச் சொன்னால் அதைவிடக் கேவலமாக இருக்குமே என்று அடக்கிக்கொண்டாள்.

மூன்றரை மாத ஊசிக்குக் குழந்தையைக் கொண்டுவரவில்லை என்று கிராமத்து நர்ஸ் ஜோஸ்பின் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். கொழுகொழுவென்று இருந்தது. தாயைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஆயா, பாப்பாவ வாசல்ல கொஞ்சம் வெச்சிருக்கீங்களா, நான் காவேரிக்கு பிரஷர் பாத்துட்டு வந்துடறேன்," என்று மாதம்மாளை வெளியே அனுப்பினாள்.

"தூங்கறயா?"

"இல்லீங்க நர்சம்மா."

"பாப்பா தூங்கறப்பகூட?"

காவேரி அழுதுவிட்டாள். கிணற்றில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல ஜோஸ்பின் முகத்தையே பார்த்தாள்.

ஜோஸ்பின் முகம் மாறவில்லை. "அப்படிச் செய்யணும்னு தோணுதா, செஞ்சிருவனோன்னு பயமா?"

"பயங்க. பயந்தே சாவறேன்."

"காதுல யாராச்சும் சொல்ற மாதிரி கேக்குதா?"

"இல்லீங்க."

"நீ இல்லாம போயிடலாம்னு?"

காவேரி புடவைத் தலைப்பை முறுக்கினாள். "ஒருநாள் தோணுச்சுங்க. நான் இல்லன்னா பாப்பாவுக்கு ஆபத்தில்லன்னு."

ஜோஸ்பின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்குப் பேரு பதற்றம். பிரசவத்துக்கு அப்புறம் நெறைய பேருக்கு வருது, யாரும் வெளிய சொல்றதில்ல. எது உனக்கு ரொம்பப் பெருசோ, அதுலயே வந்து பயமுறுத்தும். நீ கெட்டவ இல்ல. ஆனா இத இப்படியே விடக்கூடாது, டாக்டரப் பாத்தே ஆகணும். வூட்டுக்காரருகிட்ட இன்னைக்கே சொல்லிரு. மறுபடி சாவற நெனப்பு வந்தா, எந்த நேரம்னாலும் எனக்கு போன் பண்ணு."

போவதற்கு முன்னால் ஒன்று சொல்லிக்கொடுத்தாள். பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றி, ஊதுகுழலில் அடுப்பை ஊதுவதுபோல மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். நினைப்பை விரட்டக்கூடாது. 'வந்துட்டியா, இரு' என்று விட்டுவிட வேண்டும்.

சாயங்காலம் கணவன் மதியழகன் வந்ததும் காவேரி சொன்னாள். குழந்தை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவன் கேட்டான், கேட்டுக்கொண்டே எழுந்தான், குழந்தையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டான். வெடுக்கென்று பிடுங்கவில்லை. ஆனாலும் எடுத்துவிட்டான். குழந்தை வீறிட்டது. மாரில் பால் சொட்டச் சொட்டக் காவேரி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளே கிணற்றைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட்டான். "இனிமே பயமில்ல," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அன்று முழுக்க அவளுக்கும் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. மறுநாள் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தபோது அரிவாள்மணையைப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். அவன் வந்தான். "இப்போ இதுல வருதுங்க. எத்தனைக்குத்தான் வேலி போடுவீங்க?"

மதியழகன் அரிவாள்மணையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் கை நடுங்குவதை அவன் அன்றுதான் உண்மையில் கண்டான். பக்கத்தில் உட்கார்ந்து பாதி நறுக்கிய வெங்காயத்தைத் தள்ளி வைத்தான். "வா, தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஜோஸ்பின் நர்சம்மாவையும் வரச்சொல்றேன்."

டாக்டரம்மா காவேரியிடம் நிறைய நேரம் பேசினாள். பால் கொடுப்பவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும் மாத்திரை எழுதினாள், வாராவாரம் வரச்சொன்னாள். மதியழகனைத் தனியாகக் கூப்பிட்டு, "காவேரிகூட இருங்க. காவல் இருக்காதீங்க," என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். அது அவ்வளவு சுலபமாக இல்லை. மாத்திரை பிடிக்கவும் நாளாயிற்று. தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, நினைப்பும் வந்துகொண்டுதான் இருந்தது. சில நாள் காவேரி கதவோரம் உட்கார்ந்து, பாதத்தை ஊன்றி, மூச்சை ஊதி ஊதியே காலைப்பொழுதைக் கடத்தினாள். மதியழகன் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தான். மாதம்மாளிடம் இருவரும் ரத்தசோகை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவள் முருங்கைக்கீரையாகச் செய்து போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் விளாவிக்கொண்டிருந்த மாதம்மாளிடம் காவேரி, "நான் ஊத்தறேன் அத்தை," என்றாள்.

மாதம்மாள் அதிசயமாகப் பார்த்தாள். பலகையை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். காவேரி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டாள். அண்டாவில் தண்ணீர் தளும்பியது. குழந்தை அதில் நழுவும் படம் ஓடியது. வந்துட்டியா, இரு. மூச்சை மெதுவாக வெளியே விட்டாள்.

நிமிர்ந்தபோது வாசற்படியில் மதியழகன் நின்றிருந்தான், எந்த நொடியும் பாயத் தயாராக.

"நீங்க போய் மோட்டாரப் போடுங்க," என்றாள் காவேரி.

அவன் நின்றான். அவள் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவன் திரும்பி, செருப்பை மாட்டிக்கொண்டு காட்டுப்பக்கம் நடந்தான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

நடுங்குகிற கையாலேயே காவேரி முதல் சொம்புத் தண்ணீரைக் குழந்தையின் முதுகில் ஊற்றினாள்.