பாதியில் விட்ட வாக்கியம்

வாடிக்கையாளருடன் வீடியோ அழைப்பு தொடங்குமுன் கணினி வழியே ஹ்னாத் யாரினாவைச் சீண்டினான். "என்ன மகாராணி, வார்சா சாப்பாடு உடம்புல ஒட்டுதா?"

"வாயை மூடிட்டு உக்காரு. கேமராவை அணை. பதில் ஏதும் எனக்குத் தெரியலன்னா எழுதிக் காட்டு, அது போதும். நீ பேசினா கதை கந்தலாயிடும்."

"உத்தரவு."

யாரினா தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். டென்மார்க்கில் உள்ள கடைகளுக்கு மென்பொருள் எழுதித்தரும் ஒப்பந்தம் இன்று புதுப்பிக்கப்பட்டாக வேண்டும். தவறினால் ஊரில் அவளோடு வேலை செய்யும் அத்தனை பேருக்கும் பிழைப்பு போய்விடும். இதே வேலைக்கு வேறொரு நாட்டுக் கம்பெனி நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தது. போர் நடக்கும் இடத்தில் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்பது டென்மார்க் வாடிக்கையாளர் பிர்கிட்டே அம்மாளின் ஒரே நிபந்தனை. எல்லோரும் எல்லை தாண்டி வார்சாவுக்கு வந்துவிட்டதாக யாரினா சொல்லியிருந்தாள். வந்தது அவள் ஒருத்திதான். போர்க்காலத்தில் ஆண்களை எல்லை தாண்ட விடுவதில்லை. ஹ்னாத் இன்னமும் குண்டு விழும் கார்கிவில், அவர்களுடைய பழைய அலுவலகத்தில்தான் இருந்தான்.

போர் தொடங்கிய புதிதில் ஆளுக்கொரு ஊராகச் சிதறிக் கிடந்தார்கள். அப்போது யாரும் முகம் காட்டுவதில்லை. பேசுகிறவரின் ஊரில் சைரன் அலறினால் அவர் சட்டென்று மைக்கை அணைப்பார். வேறு ஊரிலிருக்கும் ஒருவர் அடுத்த சொல்லிலிருந்து வாக்கியத்தைத் தொடர்வார். வாடிக்கையாளருக்கு மூச்சு வாங்கிய மாதிரிகூடத் தெரியாது. பிறகு ஒருவரையொருவர் கேலிசெய்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு ஏக்கமாக இருந்தது. குண்டுக்கு யாராவது ஏங்குவார்களா? அவள் ஏங்கியது அந்தச் சிரிப்புக்கு. இங்கே தொடங்கிய வாக்கியத்தை அவளேதான் முடிக்க வேண்டியிருந்தது.

பிர்கிட்டே திரையில் வந்தார். எல்லாம் நன்றாகவே போனது. புதிய மென்பொருளைப் பற்றி யாரினா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புதுசு தயாரானதும் மொதல்ல நாங்க அதை..."

சைரன் அலறியது.

அன்று ஆகஸ்ட் முதல் தேதி. உலகப் போரின்போது நகரம் நடத்திய பழைய எழுச்சியில் செத்தவர்களுக்காக வருடாவருடம் மாலை ஐந்து மணிக்கு வார்சா முழுக்கச் சைரன் ஒலிக்கும். ஊரே அசையாமல் நிற்கும். அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பனிக்காலத்தில் வந்த யாரினாவுக்குத் தெரியாது. அவள் விரல் மைக்கை அணைத்தது. மறுகணம் அவள் மேஜைக்கு அடியில் இருந்தாள்.

"...சின்னக் கடைகள்ல வெச்சுப் பாப்போம். அப்புறம்தான் பெரிய கடைகளுக்கு." ஹ்னாத்தின் குரல். பிசிறே இல்லை.

யாரினாவுக்கு அழுகை முட்டியது. பாவி, பேசிவிட்டான்.

"யாரினா எங்க?" பிர்கிட்டே பதறினார். "கீழ விழுந்துட்டாங்களா? ஹ்னாத், நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க? போய்ப் பாருங்க, தயவுசெஞ்சு!"

"இதோ போறேம்மா," என்றான் ஹ்னாத்.

அவன் எழுந்து நடந்தான். மரத்தரையில் அந்தக் காலடிகள் மைக்கை விட்டு விலகிப் போவதை, வார்சாவில் மேஜைக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் கேட்டாள். காலடிகள் நின்றன. கார்கிவில், ஜன்னலோரம், முன்பு அவள் உட்கார்ந்திருந்த காலி நாற்காலி மெல்ல இழுபடும் சத்தம் கேட்டது.