மைனாவுக்கு ஊறப்போட்ட கொள்ளு

கொட்டகையில் குதிரை மைனா மறுபடியும் கனைத்தபோது பந்தலில் இருந்த பெண்கள் ஒருசேர உச்சுக்கொட்டினார்கள். வாயில்லாத ஜீவனுக்குக்கூட எஜமான் போனது தெரிந்துவிட்டது பார் என்று சூளகிரியிலிருந்து வந்த ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள் சாந்தம்மா. அந்தக் கனைப்பு துக்கமல்ல, பசி என்று அவளுக்குத் தெரியும்.

தெரியாமல் என்ன? கல்யாணமான மறு மாசமே இரண்டு மட்டக்குதிரைகளைப் பிடித்துக்கொண்டு வந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள் அவள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடுவார், திருவிழாவில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவார். ஊர்வலமெல்லாம் காருக்கும் டிஜேக்கும் மாறிய பிறகும் குதிரைகள் வீட்டைவிட்டுப் போகவில்லை. ஆஞ்சப்பன் போக விட்டால்தானே.

உத்தனப்பள்ளியைத் தாண்டி, மறைப்புக்கு ஒரு மரமில்லாத மேட்டில் ஒன்றரை ஏக்கர் அவர்களுடையது. மார்கழிக் காற்று முதலில் இவர்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் ஊருக்குள் போகும். அதற்குள் மூன்று மட்டக்குதிரைகள், இரண்டு பூனைகள், யாரைக் கண்டாலும் துரத்துகிற ஒரு வான்கோழி, ஹைவேயில் லாரி அடித்துப் போட்டதால் லாரி என்றே பெயர் வைக்கப்பட்ட மூன்று கால் நாய். இது வீடா, சந்தையா என்று சாந்தம்மா கேட்காத நாளில்லை. ஆஞ்சப்பன் அதற்குப் பதில் சொன்ன நாளும் இல்லை.

இன்றைக்கு அவை எதுவும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெட்டியின் மோட்டார் பக்கம் சூடான காற்று வரும் இடமாகப் பார்த்து லாரியும் பூனைகளும் சுருண்டிருந்தன. பாசத்தைப் பார் என்றார்கள். வான்கோழி வெள்ளை வேட்டிகளைக் குறிவைத்தது. மாலை கொண்டுவந்த ஒருவர் மாலையோடு ரோட்டுக்கே ஓடினார். அவர் ஓடியதை ஆஞ்சப்பன் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

விடிகிற நேரத்தில் நெஞ்சை அடைக்கிறது என்றார். தண்ணீர் கேட்டார். சொம்போடு அவள் திரும்பி வருவதற்குள் போய்விட்டார். முந்தின இரவு படுக்கப் போகும் முன் மைனாவுக்கு அவர் ஊறப்போட்ட கொள்ளு மட்டும் கொட்டகை ஓரத்தில் பக்கெட்டில் பொதபொதவென்று உப்பிக் கிடந்தது.

மற்ற இரண்டும் இளசுகள், ராகித்தாளை மென்று தள்ளிவிடும். மைனா கிழவி. கடைவாயில் ஒரு பல்கூட இல்லை. குழைய வெந்த கொள்ளைத் தவிர வேறெதுவும் இறங்காது. போன குளிரில் ஒருமுறை பசி தாளாமல் தாளைத் தின்று வயிறு கட்டி விழுந்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் எழுந்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இப்போது காலை வேளையும் போய் மத்தியானமும் தாண்டிவிட்டது. மகன் பாலாஜி புனேயிலிருந்து வந்தால்தான் எடுக்க முடியும். பெங்களூரில் பனிமூட்டமாம், விமானம் புனேயிலிருந்தே கிளம்பவில்லையாம். பிணம் வீட்டில் இருக்கும்வரை அடுப்பு எரியக்கூடாது.

ஆஞ்சப்பனின் அக்கா பாப்பம்மா ஆனேக்கல்லிலிருந்து வந்ததும் முதலில் செய்த காரியம், அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதுதான். மூக்கைத் துடைக்கிற சாக்கில் சாந்தம்மா அவள் காதோரம் குனிந்து, கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி ஒரு கொதி விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். பாப்பம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தம்பிய கெடத்தி வெச்சுக்கினு நெருப்பு மூட்டுவியா? ஒரு நாளு பட்டினி கெடந்தா குதிரைக்கு உசுரா பூடும்?"

"பூடும் அண்ணி."

அதற்கு மேல் பேச முடியவில்லை. பெங்களூர்ச் சனம் ஒரு கூட்டமாக வந்து இறங்கியது, கட்டிக்கொண்டு அழ வேண்டியிருந்தது. அழுகைக்கு நடுவே தலையைத் திருப்பிப் பார்த்தாள். மருமகள் சுவேதா கொட்டகையில் மைனாவின் வாயருகே பச்சைப் புல்லாகப் பொறுக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். மைனா அதை வாயில் உருட்டி உருட்டிக் கீழே துப்பியது. அடுத்து அது ராகித்தாள் கட்டின் பக்கம் கழுத்தை நீட்டியது. போன மனுஷனுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை. இதையும் சாகவிட்டால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

புருஷனைப் பறிகொடுத்தவள் எழுந்து போய் ஒரு வேலை பார்க்க முடியாது. ஆளைக் கூப்பிட்டு வேலை சொல்லவும் முடியாது. ஒப்பாரி வைக்கலாம். அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சாந்தம்மா பெட்டியின் மேல் கையை விரித்து, குரலை எடுத்தாள்.

"ஊரெல்லாம் அடுப்பெரிய நம்மூடு இருண்டிருக்க,
ஊறப்போட்ட கொள்ளு ஒம்பேரு சொல்லுதய்யா.
பல்லில்லாக் கெழவிக்குப் பசியாத்த ஆளில்ல,
பக்கத்து ஊட்டடுப்பு பாத்துக்க மாட்டாதோ."

கூட்டம் உருகிவிட்டது. பாப்பம்மாகூட மாரில் அடித்துக்கொண்டு கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாடினாள். அடுத்த நிலத்துக்காரர் லால் பாஷாவின் மனைவி ரஹமத் பீவி மட்டும் அழுகையைப் பட்டென்று நிறுத்தினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சாந்தம்மாவின் முதுகை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவள்போல் எழுந்து கொட்டகைப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் பக்கெட்டும் அவளும் வேலி தாண்டிப் போவது தெரிந்தது. காற்று ஒரு நிமிஷம் அடங்கினபோது அவர்கள் வீட்டு குக்கர் விசில் அடித்தது. சாந்தம்மா அன்றைக்கு முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டாள்.

பாலாஜி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அவன் அழுததைப் பார்க்க முடியவில்லை. எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. லால் பாஷாவும் தோள் கொடுக்கப் போனார். பெண்கள் மேட்டின் முனைவரை போய் நின்றார்கள். கம்பெனி பஸ் ஒன்று ஓரம் கட்டி வழிவிட, காற்றில் சாமந்திப் பூ ரோடு முழுக்க உருண்டது. பாடை திருப்பத்தில் மறைந்தது.

திரும்பி வந்து வீடு கழுவி, சாந்தம்மாவின் தலையில் தண்ணீர் ஊற்றி உட்கார வைத்தார்கள். ரஹமத் பீவி வந்து பக்கத்தில் குந்தினாள். முகம் சரியில்லை.

"ரெண்டு தரம் சூடு பண்ணி எடுத்தாந்தேங்க்கா. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. தொடவே மாட்டேங்குது."

சாந்தம்மா ஈரப் புடவையோடு எழுந்துவிட்டாள். இந்த நேரத்தில் கொட்டகைக்கா என்று பாப்பம்மா கேட்டாள். இவள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. பின்னாலேயே சுவேதா ஒரு கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மாமியார் மேல் போர்த்தினாள்.

அன்னக்கூடையில் கொள்ளு நன்றாகக் குழைந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. மைனா சுவரைப் பார்த்து நின்றது, கால்கள் வெடவெடவென்று ஆடின. சாந்தம்மா கையில் அள்ளி நீட்டினாள். முகர்ந்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. அவருடைய கை இல்லை என்று தெரிந்துவிட்டதோ என்று ரஹமத் பீவி கண் கலங்கினாள். சாந்தம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படியென்றால் இது பிழைக்காது.

சுவேதா கம்பளியின் முனையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அத்தை, மாமா அதுல வெல்லம் போடுவாரு."

"எந்த வெல்லம்?"

"நம்ம டப்பா வெல்லந்தான். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

ஒரு வருஷமாக டப்பாவில் வெல்லம் கரைந்துகொண்டே போனதும், அதற்காகச் சுவேதாவை வாங்கு வாங்கென்று வாங்கியதும், அந்தப் பெண் "நாந்தான் அத்தை தின்னுட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டதும், பக்கத்திலேயே ஒன்றும் அறியாதவராக ஆஞ்சப்பன் பீடி பற்றவைத்ததும் சாந்தம்மாவுக்கு ஞாபகம் வந்தன.

"திருட்டு மனுசன்" என்றாள். சொன்னதும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் உடைந்து அழுதாள். காலையிலிருந்து பாட்டாக அழுதது ஊருக்கு. இது அவளுக்கே அவளுக்கு. ரஹமத் பீவி தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சுவேதா ஓடிப்போய் டப்பாவையே எடுத்து வந்தாள். சாந்தம்மா பெரிய கட்டியாகப் பார்த்து நொறுக்கி, சூட்டில் கரையப் பிசைந்தாள். இந்தத் தடவை மைனா முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்னக்கூடைக்குள் மூக்கை விட்டு, உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு, ஒரு துளி துக்கம் இல்லாமல் தின்றது. கால் நடுக்கம் மெல்ல நின்றது. வீட்டுக்குள்ளிருந்து பாப்பம்மா, விளக்கு வைக்க வா என்று கூப்பிட்டாள்.

சாந்தம்மா போகவில்லை. கம்பளியை ஒதுக்கிக்கொண்டு மைனாவுக்கு எதிரே குந்தினாள். விரலில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தாள். அப்புறம் அன்னக்கூடையின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிடி அள்ளி, வாயில் போட்டுக்கொண்டு மென்றாள்.