பட்டதா, படேல்லையா

என் கணவர் சிவானந்தன் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர் அல்ல. என் அண்ணனோடு சண்டை பிடிக்க வந்தவர்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களைத்தான் நாங்கள் கல்லூரி என்போம். அதிலும் பெருமை பேசிக்கொள்ளும் இரண்டு கல்லூரிகள் ஆண்டுக்கு ஒரு தடவை மோதும் கிரிக்கெட்டுக்கு பிக் மட்ச் என்று பெயர். எண்பத்திரண்டாம் ஆண்டு பிக் மட்ச்சில் அண்ணன் குகநேசன் அருணாசலர் கல்லூரிக்காகத் துடுப்பெடுத்து நின்றான். இவர் நல்லாயன் கல்லூரியின் விக்கெட் காப்பாளர். ஒரு பந்து அண்ணனின் துடுப்பை உரசினாற்போலப் போய் இவரின் கையுறைக்குள் விழுந்தது. இவர் துள்ளிக் குதித்து அவுட் கேட்டார். நடுவர் அசையவில்லை. அண்ணனும் அசையவில்லை. நின்று ஆடி, தன் கல்லூரியை வெல்ல வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தான். அந்தப் பந்து துடுப்பில் பட்டதா, படவில்லையா என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அதைக் கேட்கத்தான் இவர் சைக்கிள் மிதித்து வந்தார்.

"பட்டதா?"

"படேல்லை."

அடுத்த கிழமையும் வந்தார், அதற்கடுத்த கிழமையும் வந்தார். இரண்டு பேரும் தொண்டை காயக் கத்துவார்கள், தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பது நான். கேள்விக்கு விடை கிடைக்காமலே எங்கள் கலியாணம் நடந்தது. தாலி கட்டிய கையோடு இந்த மனிசன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி, "இப்பவாவது சொல்லடா" என்றார். இப்படிப்பட்ட ஆளோடுதான் நான் ஒஸ்லோவில் இத்தனை காலம் குப்பை கொட்டுகிறேன்.

நாங்கள் நோர்வேக்கு வந்துவிட்டோம். அண்ணன் வரவில்லை. கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தான். கலியாணமும் கட்டவில்லை. எனக்கு அவனும் அவனுக்கு நானும்தான் என்று இருந்தோம். தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். இவர் ரிசீவரைப் பறித்துக்கொண்டு "பட்டதா?" என்பார். அங்கிருந்து "படேல்லை" என்று வரும். அதற்குப் பிறகுதான் நான் அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்க முடியும். வெளிநாட்டு அழைப்புக் காசை இப்படியா கரைப்பது என்று நான் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதத்தோடு அந்தக் குரல் நின்றுபோனது. வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். மிஞ்சிய சனத்தை முள்ளுக்கம்பி முகாமுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அண்ணன் அந்தச் சனத்துக்குள் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. தொலைக்காட்சியில் முகாமைக் காட்டினால் நான் திரைக்குக் கிட்டப் போய் நிற்பேன். ஒடுங்கிய தோளோடு யாராவது தண்ணீருக்கு நின்றால் அது அவன்தான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவன் ஏச்சுக்கூடக் கேட்க வேண்டும்போல இருந்தது.

ஒஸ்லோவில் இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர்களும் ஒவ்வொரு கோடையிலும் ஒரு மட்ச் வைப்பார்கள். அந்த ஆண்டு வரும் காசெல்லாம் முகாம் பிள்ளைகளின் பால்மாவுக்கும் மருந்துக்கும் என்று முடிவெடுத்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் எப்படிச் சேர்ப்பது என்று யோசனை சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வீட்டுப் பெருமகன்தான்.

இரண்டு வாளிகள். ஒன்றில் "பட்டது", மற்றதில் "படேல்லை". எந்தக் கட்சியோ அந்த வாளியில் காசு போடலாம். காசு குறைந்து தோற்ற கல்லூரிக்காரர் எழுந்து நின்று, வென்றவர்களின் கல்லூரிக் கீதத்தைக் கடைசி வரி வரைக்கும் பாட வேண்டும். எங்கள் ஆட்கள் உயிரை விடச் சொன்னாலும் விடுவார்கள், மற்றக் கல்லூரியின் கீதத்தைப் பாடமாட்டார்கள். ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் என்னைக் கண்டவர்கள்கூட, "புஷ்பமலர் அக்கா, நாங்கள் படேல்லைக் கட்சி" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்து ஏசினேன். "என்ரை அண்ணன் இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியேல்லை. நீங்கள் அவன்ரை பேரிலை வாளி வைக்கிறியள். உங்களுக்கு வெக்கமா இல்லையோ?"

இவர் வாளியில் எழுத்து ஒட்டிக்கொண்டே இருந்தார். "நாலு பேர் அவன்ரை பேரைச் சொல்லிக் கத்தட்டும். இந்த வீட்டுக்குள்ளை நாங்கள் ரெண்டு பேரும் அவனைப் பற்றிக் கதைச்சு எத்தினை நாளாச்சு, சொல்லும் பாப்பம்."

அது உண்மைதான்.

மட்ச்சுக்கு முந்திய வியாழக்கிழமை, நான் வடைக்குப் பருப்பு நனைய வைத்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஈரக்கையோடு "ஹலோ" என்றேன்.

"தங்கச்சி."

அவ்வளவுதான். நான் குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன். இவர் வந்து பக்கத்தில் குந்தினார். சத்தம் விட்டு விட்டு வந்தது. முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருக்கும் தொலைபேசியாம், நிறையப் பேர் காத்து நிற்கிறார்களாம். "அண்ணா, உனக்கு ஒண்டும் இல்லையே? நல்லா இருக்கிறியோ?" என்று கத்தினேன். கரகரப்புக்குள்ளால் அவன் குரல் வந்தது.

"பட்டது... மச்சானிட்டைச் சொல்லு... பட்டது எண்டு..."

பிறகு ஒன்றும் இல்லை. திரும்ப எடுத்தோம், மணியே போகவில்லை. விடிய விடிய எடுத்துப் பார்த்தும் போகவில்லை.

அழைப்பு அறுந்ததும் முதலில் நான் பார்த்தது இவரின் முகத்தை. ஒரு கணம், பதினெட்டு வயதுப் பொடியனாக அது மலர்ந்தது. "ஒத்துக்கொண்டிட்டான்!" என்றார். அடுத்த கணம் என் முகத்தைப் பார்த்தார். மலர்ச்சி அப்படியே வாடிப்போனது.

எங்கள் ஊரில் பந்து துடுப்பில் பட்டாலும் பட்டதுதான், ஆளுக்குச் செல் குண்டு பட்டாலும் பட்டதுதான்.

"எங்கை பட்டது?" என்றேன். "காலிலையோ? கையிலையோ? கேக்க முந்திக் கட்டாகிட்டுதே."

"அவன் பந்தைத்தான் சொல்லுறான், புஷ்பம். மச்சானிட்டைச் சொல்லு எண்டவன் எல்லோ."

"எத்தினை மாசத்துக்குப் பிறகு முள்ளுக்கம்பிக்குள்ளை இருந்து கதைக்கிற ஒருத்தன் பழைய பந்தைப் பற்றிச் சொல்லவோ போன் எடுப்பான்?"

"கொண்ணன் எடுப்பான்."

அதுவும் உண்மை. அண்ணனைத் தெரிந்த யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் அது எனக்கு ஆறுதலாக இல்லை. கலியாணப் பந்தலில்கூட விட்டுக்கொடுக்காதவன், குண்டு விழும் நாட்களிலும் "படேல்லை" என்று சிரித்தவன், இன்று தானாகவே பட்டது என்று சொல்கிறான் என்றால் அவனுக்குள் என்ன மிஞ்சியிருக்கிறது? செல் பட்டிருந்தாலும் அவன் முழுதாக இல்லை. பந்து பட்டதாகச் சொன்னாலும் அவன் முழுதாக இல்லை. எனக்கு என் அண்ணன் வேண்டும், பொய் சொல்லிக்கொண்டு திமிரோடு நிற்கிற அந்த அண்ணன்.

ஆனாலும் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோசத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. அழைப்பு வந்ததையும், மச்சானிடம் ஏதோ சொல்லச் சொன்னதையும் ரொம்மனில் இருக்கும் கமலேஸ்வரிக்குச் சொல்லிவிட்டேன்; என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளுடைய புருசன் வரதராசா நல்லாயன் சங்கத்தின் செயலாளர். அவளிடம் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை எக்கேபெர்க் புல்வெளியில் நல்ல சனம். ஒரு பக்கம் வாஃபல், ஒரு பக்கம் என் வடை. நாயோடு நடை போன நோர்வேஜியர் சிலர் நின்று விசாரித்து, இது ஊர்கூடிச் செய்யும் டுக்னாட் என்று விளங்கியதும் காசு போட்டார்கள். லில்லெஸ்ட்ரோமில் ஆராய்ச்சி வேலை செய்யும் சென்னைப் பையன் கிரிதர் வாளிகளுக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தான்.

"ஆன்ட்டி, அம்பயர்தான் அன்னிக்கே நாட் அவுட் குடுத்துட்டாரே, அப்புறம் எதுக்கு இவ்ளோ ஃபைட்?"

"தம்பி, அதை இஞ்சை சத்தமாக் கேட்டிடாதையும்" என்றேன். அவன் பயந்துபோய் இரண்டு வாளியிலும் சமமாகப் போட்டான்.

மட்ச்சை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் வாளிகளில்தான். குகன் கதைத்தவனாம் என்ற பேச்சு புல்வெளி முழுக்கப் பரவியிருந்தது. என்ன சொன்னான் என்று கேட்டு ஆள்மாறி ஆள் வந்தார்கள். நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே "லைன் கிளியர் இல்லை" என்றேன். இவர் வியாழனுக்குப் பிறகு என்னோடு ஒழுங்காகப் பேசவில்லை. அவருக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கேட்ட பதில் கைக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் இன்றைக்கு நல்லாயன் கல்லூரிக்காரர் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். என் அண்ணனோ எல்லார் முன்னாலும் கடைசியாகத் தோற்றவன் ஆகிவிடுவான்.

தேநீர் இடைவேளையில் வரதராசா மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் இஞ்சை கவனியுங்கோ! முகாமிலை இருந்து எங்கடை குகன் கதைச்சிருக்கிறான். மச்சானிட்டை ஒரு விசயம் சொல்லச் சொன்னவனாம். சிவா, மேலை வா. ஒளிக்காமல் சொல்லு. பட்டதாமோ, படேல்லையாமோ?"

இவர் மெதுவாக நடந்து போய் மைக்கை வாங்கினார். நான் வடைச் சட்டியை மறந்தேன். சொல்லிவிடப்போகிறார். அவர் சொன்னால் அது பொய்யில்லை, அதனால் நான் கோபிக்கவும் முடியாது.

இவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"படேல்லையாம்" என்றார்.

அருணாசலர் பக்கம் வெடித்துக் கிளம்பியது. நல்லாயன் பக்கம் ஒரே கூச்சல். "பொய்! பொய்! அவன் அண்டைக்கும் பொய், இண்டைக்கும் பொய்!" என்று வரதராசா தன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். கூ என்று ஊளையிட்டுக்கொண்டே ஆட்கள் பணப்பையைத் திறந்து வாளிகளை நோக்கி ஓடினார்கள்.

இவர் மைக்கை விடவில்லை. "அவனுக்குப் படேல்லை" என்றார். "ஒண்டுமே படேல்லை. எங்கையும் படேல்லை." குரல் உடைந்தது. அன்றைக்கு அவுட் கிடைக்காத துக்கம் சிவாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் கிரிக்கெட்டைக் கேட்டார்கள். நானும் அவரும் வேறொன்றைக் கேட்டோம்.

நான் எந்தக் கல்லூரிப் பக்கமும் ஒரு நாளும் கத்தியதில்லை. அன்றைக்குக் கத்தினேன். அடுப்பை அணைத்துவிட்டு அருணாசலர் கூட்டத்துக்குள் போய் நின்று, "படேல்லை! படேல்லை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பொய்க்காரன் என்று அத்தனை பேர் ஏசிய அந்த அண்ணன், அந்தச் சத்தத்துக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

சத்தம் ஓய்ந்து மட்ச் திரும்பத் தொடங்கியது. இவர் என்னிடம் வந்து, வடைச் சட்டிக்குப் பின்னால் இருந்த கதிரையில் தொப்பென்று இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

"புஷ்பம், அவனுக்குப் படேல்லை எல்லோ?" என்று என்னைக் கேட்டார்.

என் அண்ணன் சொல்வது போலவே, அதே திமிரோடு, உடனே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்னால் முடியவில்லை. அழுதுவிட்டேன்.