ஆளில்லாத ஊரின் புகழ்

ஜெயந்தன் வந்திறங்கிய நாளிலிருந்து அவன் குடியிருக்கும் ஊரின் புகழைக் கேட்டுக் கேட்டு மக்டலினுக்குக் காது புளித்துவிட்டது. ஸ்பெயின் நாட்டில் கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு குன்று, குன்றின் தலையில் கோட்டை, கோட்டைக்குக் கீழே ஒரு தெரு. அவ்வளவுதான். அதைச் சொல்லி முடிக்க அவள் அண்ணனுக்கு இரண்டு கிழமை போதவில்லை.

"அரபுக்காரர் கட்டின கோட்டை. பிறகு கிறிஸ்தவ ராசா பிடிச்சவர்," என்று கைபேசியை அவள் கணவன் யேசுரட்ணத்தின் மூக்கடியில் நீட்டினான். கோதுமை மா ஆலையில் லொறி ஓட்டும் யேசுரட்ணம் வாய் பிளந்து பார்த்தான். மக்டலினும் எட்டிப் பார்த்தாள். ஒன்றரைச் சுவர், அதன் மேலே ஒரு காகம்.

"இஞ்சை பிரெட்ரிக் கோட்டை நடந்து போற தூரத்திலை கிடக்கு. அதை ஒருநாளும் பாக்கேல்லை நீங்கள்," என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜெயந்தன் குசினியைப் பிடித்துக்கொண்டான். காலையில் துறைமுகத்தில் வாங்கிய அறக்குளா மீன் தொடுவாரில்லாமல் கிடந்தது. காய்ந்த பாண் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, உள்ளியை எண்ணெயில் வதக்கி, மிளகாய்த்தூளும் தண்ணீரும் விட்டு, மேலே முட்டையை உடைத்து ஊற்றினான். ஆட்டிடையர் குளிரில் குடிக்கிற சூப்பாம். அங்கேயும் பாணைப் பான் என்றுதான் சொல்வார்களாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் தானே கண்டுபிடித்ததுபோல ஒரு பூரிப்பு.

"கோழிக்குப் போடுற பாணுக்கு இவ்வளவு சரித்திரமோ," என்றாள் மக்டலின். பெண் பிள்ளைகள் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குடித்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் படங்கள். பாதாம் மரங்கள், தேவாலயம், கல் பாவிய தெரு. அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அண்ணா, ஒரு படத்திலையும் சனத்தைக் காணேல்லை. எங்கை எல்லாரும்?"

"நகரத்துக்குப் போட்டினம். கிழவன் கிழவியள்தான் மிச்சம்."

"ஆர் துரத்தினது?"

"ஒருத்தரும் துரத்தேல்லை. அவையளாத்தான் போனவை."

அவன் கைபேசியைக் கீழே வைத்தான். வந்த விசயம் அதற்குப் பின்தான் வெளியே வந்தது. பிள்ளைகள் சேராவிட்டால் வருகிற வருசம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு நகரசபை வீடு கொடுக்கும். மேயரிடம் தங்கச்சி குடும்பம் வரும் என்று சொல்லியாயிற்று.

"வீடு சும்மா தருவினமோ மச்சான்?" என்று யேசுரட்ணம் கதிரையை முன்னால் இழுத்தான்.

மக்டலின் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கதிரை நின்றுவிட்டது.

"என்ரை பிள்ளையளை வைச்சு உங்கடை பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்கப்போறியளோ? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"எங்கடை சம்பூரிலை என்ன கிடக்கு மக்டலின்? இடிஞ்ச சுவரும் பத்தையும். அந்தக் காணியை வித்துப்போட்டு..."

"அங்கை இடிஞ்ச சுவர் சரித்திரம். இஞ்சை இடிஞ்சால் பத்தை. அப்பிடியோ?" அவள் குரல் உயரவில்லை. "சண்டையிலை ஷெல் அடிச்சு ஊரை விட்டு எழுப்பினவங்கள் எங்களை. கிளிவெட்டி முகாமிலை தகரக் கொட்டிலுக்கை அப்பா செத்தவர். கடைசி மட்டும் காணியைத்தான் கேட்டவர். நீங்கள் செத்தவீட்டுக்கும் வரேல்லை. ஒருத்தரும் துரத்தாமல் ஊரை விட்டுப் போட்டு, ஆள் தேடுற சனத்துக்காக நான் சம்பூரை விக்க ஏலாது."

ஜெயந்தனின் கண் கலங்கியதை அவள் கண்டாள். கண்டும் இரங்கவில்லை, எழுந்துபோய் மீனை வெட்டத் தொடங்கினாள்.

அடுத்த கிழமை அவன் விமானம் பிடிக்கக் கொழும்புக்கு பஸ் ஏறினான். யேசுரட்ணம் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு பசி வந்து கதைத்தான்.

ஆனி மாதத்தில் ஜெயந்தனின் அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மேயரே மகனோடு நகரத்துக்குப் போய்விட்டாராம்.

"கெட்டிக்கார மேயர்," என்றாள் மக்டலின்.

"சம்பூர்க் கிணத்துத் தண்ணி உப்போ இப்ப?" என்று ஜெயந்தன் கேட்டான்.

"இல்லை. நல்ல தண்ணி. போன மாசம்தான் இறைச்சனாங்கள்."

வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கூப்பிடவில்லை. வெளியே யேசுரட்ணம் லொறியில் சம்பூருக்குக் கொண்டுபோகச் சீமெந்துப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஏறினாள்.