பழவங்காடி வெனிசுவேலா

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சிவதாணு பிள்ளை, மாப்பிள்ளைகளுக்கு ஜாதகத்தைவிடச் சாப்பாட்டில்தான் பொருத்தம் பார்ப்பார். ஒருவன் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் என்பதை அவன் சாப்பிடும்போது தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் கட்சி. மகள் செண்பகவல்லிக்கு வந்த முதல் வரன் ரசத்தை உறிஞ்சிக் குடித்தான், போயிற்று. இரண்டாவது வரன் பேங்க் உத்தியோகம். பாயசத்தை இலையோடு வழித்தான், அதுவும் போயிற்று.

மூன்றாவது தாணுலிங்கம். செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசர், இருபத்தொன்பது வயது. பொன்முடிப் பக்கம் எஸ்டேட் என்று தரகரிடம் சொல்லியிருந்தான். எஸ்டேட் இருந்தது வாஸ்தவம்தான். அவன் அப்பா போனக்காட்டுக் கூலிக்காரர் லயத்தில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு அந்த எஸ்டேட்டுக்குக் தேயிலைக் கொழுந்து நிறுப்பவர் என்பதை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போன அன்று செண்பகவல்லி அவனைப் பார்த்து லேசாகச் சிரித்திருந்தாள். அதிலிருந்து அவனுக்கு ஆபீஸில் கோப்பு ஓடவில்லை. இந்தச் சம்பந்தம் தவறக்கூடாது.

சாப்பாட்டுப் பரீட்சையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். யாருக்கும் தெரியாத சாப்பாட்டில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அப்பாவையும் மகளையும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழவங்காடிச் சந்துக்குள் புதிதாகத் திறந்திருந்த வெனிசுவேலா ரெஸ்டாரண்டுக்கு அழைத்தான்.

அதை நடத்தியவர் சாமிதாஸ். வெனிசுவேலாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனி கேண்டீனில் பன்னிரண்டு வருஷம் சமைத்துவிட்டு வந்தவர்.

"சைவத்துல என்ன உண்டு?" என்று கேட்டார் சிவதாணு பிள்ளை.

"அரேப்பா உண்டு சாரே. மக்காச்சோள மாவப் பெசஞ்சு, தட்டிக் கல்லில போடுறது. நடுவக் கீறி உள்ள கறுத்த பயறு வச்சுத் தருவேன். கூட ஏத்தம்பழம், நம்ம நேந்திரவாழ, பொரிச்சது. அங்க எண்ணெய்க் கிணத்துல வேல செய்யறவன்லாம் காலையில இதத்தான் தின்னுட்டுப் போவான்."

"அவ்வளவு சிம்பிளாச் சொல்லப்பிடாது சாமிதாஸ்," என்று தாணுலிங்கம் இடைமறித்தான். "அது அவங்க நேஷனல் டிஷ். கவர்னர் பங்களாவுலயும் அதுதான்."

"தின்னுவாராயிருக்கும். நான் கண்டதில்ல," என்று சொல்லிவிட்டு சாமிதாஸ் அடுக்களைக்குப் போனார்.

தட்டுகளோடு கத்தியும் முள்கரண்டியும் வந்தன. தாணுலிங்கம் முதுகை நிமிர்த்திக்கொண்டு, நகல் எடுக்கக் கொடுத்த கோப்பைப் பிரிப்பதுபோல நிதானமாக அரேப்பாவை வெட்டினான். சிவதாணு பிள்ளைக்குக் குறை எதுவும் அகப்படவில்லை. அவர் தம்முடைய கத்தியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

வெட்டிய இடத்திலிருந்து ஆவி எழுந்தது. மூவரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

பள்ளிக்கூடங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானம் இலவசமாகப் போடும் மஞ்சள் உப்புமாவின் மணம் அது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் சோளமாவு. பள்ளிக்கூட டீச்சரான செண்பகவல்லி அன்று மத்தியானம்கூட இருநூறு பிள்ளைகளுக்கு அதை விளம்பிவிட்டு வந்திருந்தாள்.

"பிரமாதம்," என்றான் தாணுலிங்கம். "இப்பிடி ஒரு ஃபிளேவர் நம்ம பக்கத்துல கிடையவே கிடையாது."

"கிடையாது," என்றார் சிவதாணு பிள்ளை, கொஞ்சம் அவசரமாக.

செண்பகவல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பரீட்சை தேறிவிட்டதுபோலத்தான் இருந்தது. அப்போது சாமிதாஸ் அடுக்களை வாசலில் வந்து நின்றார். "சாரே, ஒண்ணு மிச்சமுண்டு. பக்ஷே அடி காந்திப்போச்சு. அதக் களஞ்சிட்டு வேற சுட்டுத் தாறேன்."

"களைய வேண்டாம், காந்தல் எனக்கு," என்றான் தாணுலிங்கம். சொன்னது மட்டுமல்ல. எழுந்து நின்று, தட்டை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே நீட்டியிருந்தான்.

சாமிதாஸ் காந்தலைத் தட்டில் போட்டுவிட்டுப் போனார். தாணுலிங்கம் அதைக் கையால் எடுத்து ஒரு கடி கடித்த பிறகுதான் முள்கரண்டி ஞாபகம் வந்து மெதுவாக உட்கார்ந்தான்.

"எங்க ஸ்கூல்லயும் காந்தலுக்குத்தான் அடிபிடி," என்றாள் செண்பகவல்லி. "வரிசையில நிக்கையில பிள்ளைக தட்ட இப்பிடித்தான் பிடிக்கும். ரெண்டு கையால."

சிவதாணு பிள்ளை கத்தியைக் கீழே வைத்தார். "தம்பி, நீங்க உப்புமா ஸ்கூலா?"

தாணுலிங்கத்துக்கு எஸ்டேட், கவர்னர் பங்களா எல்லாம் வாயில் இருந்த காந்தலோடு சேர்ந்து அடைத்துக்கொண்டன. மென்று விழுங்கினான். செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தான். இனிமேல் சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லை.

"ஆமா சார். போனக்காடு. அஞ்சு வருஷம். அப்பா கொழுந்து நிறுக்கிறவரு."

"தரகன் எஸ்டேட்டுன்னுல்லா சொன்னான்."

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

சிவதாணு பிள்ளை மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். முதல் இரண்டு வரன்களும் அந்தச் சரிசெய்தலோடுதான் போயிருந்தார்கள். "செண்பகம், எந்திரி. போலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "அப்பா, இது உப்புமா மாவுன்னு மணத்த வச்சே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, இல்லியா?"

"ஹெட்மாஸ்டர்லா நான். பள்ளிக்கூடத்துல எந்நேரமும் அந்த மணம்தானே."

"எனக்கும் சின்னதிலேயே தெரியும். நான் படிச்சது கான்வென்ட்ல. அங்க உப்புமா கிடையாது." அவள் பொரித்த ஏத்தம்பழத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். "சனிக்கிழமை தோறும் அம்மா மஞ்சளா ஒரு அடை சுடுவா. டெல்லி மாவு, அப்பா ஸ்பெஷலா வரவழைச்சதுன்னு சொல்லுவா. அமெரிக்கான்னு அச்சடிச்ச சாக்கு நம்ம மச்சுலதான் இருந்தது."

பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிவதாணு பிள்ளை தண்ணீர் குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கி அதையும் குடித்தார். வரனை வேண்டாமென்று சொன்னால் தரகர் காரணம் கேட்பார். காரணம் உப்புமாவில் தொடங்கும். எங்கே போய் நிற்கும் என்பதைத் தம் மகளின் முகத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார்.

"தம்பி அந்தக் காந்தலைத் தின்னு முடிக்கட்டும்," என்றார்.

ஆவணியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி செண்பகவல்லியின் ஒழுகினசேரிச் சித்தப்பா துருவித் துருவிக் கேட்டார். சிவதாணு பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மலையில வளர்ந்த பிள்ளையாக்கும். சின்னதிலேயே வெனிசுவேலா சாப்பாடு சாப்பிட்டுப் பழகினவன்."

"அப்பிடியா? எத்தன வருஷம்?"

"அஞ்சு வருஷம்," என்றார் சிவதாணு பிள்ளை. "மத்தியானம் மட்டும்."