டிவி வந்த அட்டைப்பெட்டி

என் அறையில் எனக்குப் பாதி இடம்தான். மீதி, டிவி வந்த அட்டைப்பெட்டிக்கு.

"அடுத்த வருஷம் ஊருக்குப் போறப்ப டிவிய எதுல வச்சுக் கட்டுறது?" என்பார் அப்பா. இந்த நாட்டுக்கு வந்து நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோதும் இதையேதான் சொன்னார். இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறேன். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, செடி வாங்கக்கூடாது. எல்லாம் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம்.

வீட்டுக்கு வந்த என் தோழி பெட்டியைப் பார்த்துவிட்டு, வீடு மாறப்போகிறீர்களா என்று கேட்டாள். என் மானம் கப்பலேறியது.

போன வாரம் டிவி மண்டையைப் போட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மாவை என் கட்சிக்கு இழுத்தேன்.

"டிவியே போயிடுச்சு, இனிமே அந்தப் பெட்டி எதுக்குங்க?" என்று அம்மா கேட்டாள். அந்த இடத்தில் மேசை போட நான் அளவெடுத்து வைத்தேன்.

நேற்று புது டிவி வந்தது, பழையதைவிடப் பெரிது. அதை எடுத்து வைத்த கையோடு, அப்பா காலிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்தார். நான் முறைத்தேன்.

"கோவப்படாதம்மா," என்றார். "பழைய பெட்டி இதுக்குள்ள அழகா அடங்கிடும்."